நனைந்த நெத்திலி

குழு: பாம்பன் வீட்டார்

ஸ்டெல்லா அத்தை, காலை 5:52
ஜெரோம், உங்கள் டேங்க் ராத்திரி வழிந்து என் மாடிக்கு வந்துவிட்டது. மழை இல்லையே என்று மூடாமல் விட்ட நெத்திலி சொதசொதவென்று கிடக்கிறது. முழுசாக 2 கிலோ.

அம்மா, 5:55
ஐயோ மதினி, இப்போதுதான் மெயினை அணைத்தேன். கீழ்த் தொட்டி காலி, மோட்டாரில் தீய்ந்த வாடை. நேற்று லாரியில் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்!

ஜெரோம், 6:08
மன்னித்துவிடுங்கள் அத்தை. ராத்திரி கரண்ட் போய் வந்ததா?

ஸ்டெல்லா அத்தை, 6:09
2 மணி வாக்கில். ஃபேன் நின்று முழித்தேன்.

ஜெரோம், 6:10
அதுதான். மோட்டாரைப் போட்டு அணைக்க நான் வைத்த குட்டிக் கணினி, ராஸ்பெர்ரி பை, மறுபடி கிளம்பியிருக்கிறது.

மஸ்கட் சித்தப்பா, 6:15
இங்கே மணி நாலே முக்கால். சரி, என்ன எழுதி வைத்தாய், சொல்.

ஜெரோம், 6:21
பைத்தானில் ஜிபிஐஓ ஜீரோ மாட்யூல், சித்தப்பா. பையின் ஜிபிஐஓ 17 என்ற கம்பி முனையில் (பின்) ரிலே, அதாவது மோட்டாருக்கான மின் சுவிட்ச். அந்த போர்டு தலைகீழ்: பின்னில் 3.3 வோல்ட் வந்தால் விட்டுவிடும், பூஜ்யமானால் இழுத்து மோட்டாரை ஓட்டும். முதல் நாள் ஆன் என்றால் மோட்டார் நின்றது, ஆஃப் என்றால் ஓடியது. சோம்பல்பட்டு இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். ஓடியது.

மஸ்கட் சித்தப்பா, 6:22
அப்புறம்?

ஜெரோம், 6:26
மாட்யூல் தொடங்கும்போதே பின்னை ஆஃபில் வைக்கும், அதாவது பூஜ்யத்தில். இந்த போர்டுக்கு அதுவே 'ஓடு'. நிறுத்தச் சொல்வது, டேங்கில் தண்ணீர் மட்டத்தோடு மிதக்கும் ஃப்ளோட் சுவிட்ச் மாறும் நேரத்தில் மட்டும். டேங்க் ஏற்கெனவே நிரம்பி இருந்ததால் சுவிட்ச் அசையவே இல்லை.

அப்பா, 6:31
நம் பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் கப்பலுக்குத் திறக்க, ஆள் நின்று கையால் சுற்றினார்கள். 1914இல் கட்டியது. ஒருநாளும் தானாகத் திறந்ததில்லை.

ஜெரோம், 6:32
புதுப் பாலம் மோட்டாரில்தான் தூக்குகிறது அப்பா.

அப்பா, 6:32
அதை எழுதியவன் ஆனையும் ஆஃபையும் மாற்றி எழுதியிருக்க மாட்டான்.

மஸ்கட் சித்தப்பா, 6:40
அதை விடு. ரிலே எது? நீலமாக, சின்னதாக, 10 ஆம்பியர் போட்டிருக்குமே, அதிலேயா நேராக 1 எச்பி மோட்டார்? கிளம்பும்போது இழுக்கிற இழுப்பில் உள்ளே முனை ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் நீ என்ன எழுதினாலும் நிற்காது. நம் ஊர் உப்புக்காற்றில் ஸ்க்ரூவும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். மோட்டார் பளுவைத் தாங்கும் பெரிய சுவிட்ச், காண்டாக்டர், வாங்கு; ரிலே அதை இழுக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருள்) மட்டும் கரண்ட் கொடுக்கட்டும். இன்னொரு ஃப்ளோட் சுவிட்சை அந்தக் காயில் ஒயரிலேயே தொடராக மாட்டு. பை செத்துக் கிடந்தாலும் டேங்க் நிரம்பினால் மோட்டார் நிற்க வேண்டும்.

ஜெரோம், 11:20
மாற்றிவிட்டேன். அவுட்புட் டிவைஸ் 17, ஆக்டிவ் ஹை ஃபால்ஸ் (பூஜ்யம்தான் ஆன்), இனிஷியல் வேல்யூ ஃபால்ஸ் (தொடங்கும்போது ஆஃப்). இப்போது ஆன் என்றால் ஆன்தான். கிளம்பியதும் முதல் வேலையாக ஃப்ளோட் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும். மூன்று தடவை பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன், ரிலே 'டிக்' என்றுகூடச் சொல்லவில்லை. மோட்டார் ஒயரைக் கழற்றி வைத்திருக்கிறேன். காண்டாக்டர் வாங்க ராமநாதபுரம் போகிறேன்.

அம்மா, 11:22
போகிற வழியில் லாரிக்காரரிடம் இன்னொரு லோடு சொல்லிவிடு.

ஸ்டெல்லா அத்தை, 11:24
நெத்திலி?

ஜெரோம், 11:25
2 கிலோ, அத்தை. மறக்கவில்லை.