காகித கவுன் ஒன்று கண்ணில் பட்டது, வாங்கலாமா?

புதுவரவு:
நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கிறார்கள். துணிப் பெட்டியைக் கிளறினால் ஒரு சிவப்பு கவுன், பந்தனா கைக்குட்டையில் வருமே அந்த மாங்காய் டிசைன், தொட்டுப் பார்த்தால் துணியே இல்லை, காகிதம்! மொறமொறவென்று இருக்கிறது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே வலை மாதிரி நூல் ஓடுவது தெரிகிறது. கீழ் ஓரத்தை யாரோ கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள், அதுவும் கோணலாக. விற்கிற பையன் "இது ஆண்டி வார்ஹோல் செய்த சூப் டப்பா கவுனுக்குத் தங்கச்சி" என்று சொல்லி விலையை ஏற்றிக்கொண்டே போகிறான். வாங்கலாமா? வாங்கினால் துவைத்து, லேசாக இஸ்திரி போட்டுச் சுருக்கம் எடுக்கலாமா? நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

பழம்பெட்டி:
முதலில் ஒன்று, துவைக்காதீர்கள். 1960-களில் அமெரிக்காவில் ஃபேஷனாக இருந்த இந்தக் காகித உடைகளில் தீப்பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து ஏற்றியிருப்பார்கள், தண்ணீர் பட்டால் அது போய்விடும், காய்ந்த பிறகு சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருளாகிவிடும். பல உடைகளின் லேபிளிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. இஸ்திரியும் வேண்டாம்.

நீங்கள் சொல்கிற டிசைனைப் பார்த்தால் 1966-ல் ஸ்காட் பேப்பர் கம்பெனி விட்ட 'பேப்பர் கேப்பர்' போலத் தெரிகிறது. இரண்டே டிசைன்தான், ஒன்று இந்தச் சிவப்பு, இன்னொன்று கண்ணைக் குத்துகிற கறுப்பு வெள்ளை ஆப் ஆர்ட், அதாவது கண்ணை ஏமாற்றுகிற வடிவங்கள். விலை 1.25 டாலர் தபால் செலவோடு, கூடவே அவர்களுடைய காகிதச் சாமான்களுக்கான தள்ளுபடிக் கூப்பனும் வரும். அதாவது நாப்கின், டாய்லெட் பேப்பர் விற்க விட்ட விளம்பரம், அவ்வளவுதான் திட்டம். ஓராண்டுக்குள் சுமார் 5 லட்சம் கவுன் விற்றுப் போனது. உள்ளே தெரிகிற வலை ரேயான் நூல், அந்தக் காகிதத்துக்கு 'டியூரா-வீவ்' என்று பெயர், அதனால்தான் இத்தனை வருஷம் கிழியாமல் இருக்கிறது. ஆனால் டிசைனை மட்டும் வைத்து உறுதி சொல்ல மாட்டேன், கழுத்துப் பக்கம் உள்ளே லேபிள் இருக்கிறதா பாருங்கள்.

அப்புறம் அந்தப் பையனிடம் சொல்லுங்கள், சூப் டப்பா படம் அச்சிட்ட அந்தக் கவுனை வார்ஹோல் செய்யவே இல்லை. அந்த ஓவியர் வரைந்த சூப் டப்பா ஓவியம் பிரபலமானதும் கேம்பல் சூப் கம்பெனி தானே அச்சடித்த விளம்பரம் அது, ஒரு டாலரும் இரண்டு சூப் லேபிளும் அனுப்பினால் தபாலில் வரும். இன்று அது ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது என்பதற்காக உங்கள் கவுனுக்கு அந்த விலை கொடுத்துவிடாதீர்கள். 5 லட்சம் விற்ற சரக்கு இது.

கத்தரிக்கோல்:
வெட்டின ஓரம் என்றால் நான் தொடவே மாட்டேன். உறையோடு, போடாமல் வைத்த பிரதி வரும்வரை பொறுங்கள். சேகரிப்பில் நிலைமைதான் விலை.

பழம்பெட்டி:
விற்கிற கணக்கு சரி தம்பி, ஆனால் இந்த உடைகளை வாங்கினவர்கள் நீளம் அதிகம் என்றால் கத்தரியை எடுத்து வெட்டிக்கொள்வதுதான் வழக்கம், அதையே ஒரு வசதியாக விளம்பரம் செய்தார்கள், தையல்காரரே வேண்டாம் என்று. மினி ஸ்கர்ட் காலம் வேறு. கோணலாக வெட்டியிருக்கிறது என்றால் ஒரு பெண் பார்ட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் போட்டுப் பார்த்து வெட்டியிருக்கலாம். உறைக்குள்ளேயே கிடந்ததை விட எனக்கு இதுதான் பிடிக்கும். விலையை மட்டும் பாதியாகக் கேளுங்கள்.

புதுவரவு:
லேபிள் இருந்தது, ஸ்காட்தான். பேரம் பேசி வாங்கிவிட்டேன், வார்ஹோல் கதையைச் சொன்னதும் பையன் இறங்கிவிட்டான். இனி எப்படி வைப்பது, அடுத்து எதைத் தேடுவது?

பழம்பெட்டி:
ஹேங்கரில் மாட்டாதீர்கள், தோள்பட்டையில் கிழியும். அமிலமில்லாத டிஷ்யூ விரித்துப் பெரிய அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள், மடித்தே ஆக வேண்டுமானால் மடிப்புக்குள் டிஷ்யூவைச் சுருட்டி வையுங்கள். பேஸ்மென்ட் வேண்டாம், ஈரமும் வெள்ளிப்பூச்சியும் காகிதத்துக்கு எமன். நம் வீட்டுப் பழக்கத்தில் அந்துருண்டை போட்டுவிடாதீர்கள். ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினால் வெயிலில் சிவப்பு வெளுத்துவிடும்.

தேட வேண்டியது என்று கேட்டால், வட கரோலினாவில் ஆஷ்வில் ஊரிலிருந்த மார்ஸ் கம்பெனி உடைகள், அவர்கள்தான் இந்தத் தொழிலில் பெரிய கை, விலையும் ஓரளவு கட்டுப்படியாகும். 1968-ல் ஹாரி கார்டன் என்ற வடிவமைப்பாளர் செய்த போஸ்டர் உடைகளில் உடம்பு முழுக்க ஒரே ஒரு புகைப்படம், ஒரு கண், ஒரு பூனை, ஒரு ராக்கெட், என்னைக் கேட்டால் இந்த வகையிலேயே அழகு அவைதான், விலையும் அப்படி. அதே ஆண்டு அமெரிக்கத் தேர்தலுக்கு நிக்சன், ராபர்ட் கென்னடி பெயரிலும் உடைகள் வந்தன.

கத்தரிக்கோல்:
டிடபிள்யூஏ என்ற அமெரிக்க விமான நிறுவனம் தன் பணிப்பெண்களுக்கு 1968-ல் கொடுத்த காகிதச் சீருடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்திலேயே கிழிந்ததாம், அதனால் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அதையாவது வெட்டாததாகப் பாருங்கள் :)