புது எம்2: முதல் 2,000 கிலோமீட்டரை எப்படி ஓட்டுறது?

பீளமேடு_விக்கி:

எல்லாருக்கும் வணக்கம். பிஎம்டபிள்யூ எம்2 டெலிவரி எடுத்திருக்கேன். ஜி87, ஆறு கியர் மேனுவல். சின்ன வயசுல இருந்து ஆசைப்பட்ட வண்டி. ஓடோமீட்டர்ல இன்னும் 200 கூட ஆகலை, அதுக்குள்ள ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக் குழப்புறாங்க.

அப்பா லாரி தொழில்ல இருந்தவர். "புது இஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு 60 தாண்ட விடாதே, பொத்திப் பொத்தி ஓட்டு"ன்னு தினமும் சாவி எடுக்கும்போது சொல்றார். என் நண்பன் அப்படியே எதிர்ப்பக்கம். "புது வண்டியைப் பழக்கி ஓட்டற ரன்னிங் இன் எல்லாம் அம்பாசடர் காலத்துக் கதை. முதல் நாளே இஞ்சின் சுத்தற உச்ச எல்லையான ரெட்லைன் வரைக்கும் இழுத்தாத்தான் பிஸ்டன் ரிங் நல்லா உட்காரும்"ங்கறான்.

வண்டியோட வந்த மேனுவல் புத்தகத்துல பார்த்தா 2,000 கி.மீ. வரைக்கும் 5,500 ஆர்பிஎம், மணிக்கு 170 தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. 170க்கு இங்க வேலையே இல்லை. ஆனா 5,500க்குள்ள இருந்தா மிதியை முழுசா அமுக்கலாமா? அவிநாசி ரோடு டிராஃபிக்ல முதல் கியர், ரெண்டாம் கியர்லயே ஊர்ந்து ஓட்டினா இஞ்சினுக்குக் கெடுதலா? அடுத்த வாரம் நண்பர்களோட வால்பாறை போறதா பேச்சு இருக்கு, மாசக் கடைசியில செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்ல, சொந்த வண்டியை வேகமா ஓட்டிப் பார்க்கற டிராக் டே ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் வண்டியை எடுக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


நெடுஞ்சாலை_நாகு:

வாழ்த்துகள் விக்கி. டிராக் டேயை மட்டும் தள்ளிப் போட்டுடுங்க, யோசிக்கவே வேண்டாம். நின்ன இடத்துல இருந்து அதிவேகமாக் கிளப்பற லாஞ்ச் கன்ட்ரோலும் ரன்னிங் இன் முடியுற வரைக்கும் தொடக் கூடாது, அதுவும் மேனுவல்லயே இருக்கு. இன்னொண்ணு, புது டயர் முதல் 300 கி.மீ.க்கு முழுப் பிடிமானம் கொடுக்காது. பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு படிய 500 கி.மீ. ஆகும். மழை ஈரத்துல ஜாக்கிரதை. 450க்கு மேல இருக்கற குதிரைத்திறன் முழுக்கப் பின் சக்கரத்துக்குப் போற வண்டி.


கணபதி_போரிங்கடை:

விக்கி தம்பி, வண்டி நல்லபடியா ஓடட்டும். கணபதியில சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கற ரீபோர், உள்சுவரைத் தீட்டற ஹோனிங் பண்ற பட்டறை நம்மளுதுங்க. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுற ஆள் இல்லை நான். ஆனா ரிங் உட்காராம ஆயில் குடிக்கிற இஞ்சினும், ரிங் உரசிக் கீறல் விழுந்த இஞ்சினும் கடைசியில நம்ம மேஜைக்குத்தான் வந்து சேருது. அங்க பார்த்ததை வச்சுச் சொல்றேன்.

முதல்ல உங்க 5,500 கேள்வி. அமுக்கக் கூடாதுங்க. உங்களுது எஸ்58 இஞ்சின், ரெண்டு டர்போ. 2,650 ஆர்பிஎம்லயே 550 நியூட்டன் மீட்டர் டார்க் முழுசா வந்து நின்னுரும். அப்ப முள்ளு 3,000ல இருக்கும்போது மிதியைத் தரையோட அமுக்கினாலே சிலிண்டருக்குள்ள அழுத்தம் உச்சத்துக்குப் போயிரும். நான் 5,500 தாண்டவே இல்லையேன்னு அப்புறம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அதனாலதான் ஆர்பிஎம் கணக்கு போட்ட மேனுவல்லயே ஃபுல் லோடு, அதாவது முழு மிதி, கொடுக்காதீங்கன்னும் போட்டிருக்காங்க. எல்லாரும் முள்ளையே பார்த்துட்டு ஓட்டறாங்க. டர்போ இஞ்சின்ல பார்க்க வேண்டியது நம்ம வலது காலை.

ரிங் உட்கார்றதுன்னா என்னன்னு ஒருக்கா புரிஞ்சுக்கிட்டா அப்பா சொல்றது எவ்வளவு சரி, நண்பர் சொல்றது எவ்வளவு சரின்னு உங்களுக்கே தெரிஞ்சுரும். ஹோனிங் முடிச்ச சிலிண்டர் துளைக்குள்ள, நாங்க போர்னு சொல்றதுக்குள்ள, டார்ச் அடிச்சுப் பாருங்க. சாய்வா, ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்கா மெல்லிசுக் கோடு பின்னியிருக்கும். நகத்தை வச்சு மேலிருந்து கீழ இழுத்தா லேசா சொரசொரன்னு பிடிக்கும். அந்தக் கோட்டுப் பள்ளத்துலதான் ஆயில் தங்குது. கோட்டோட மேல் முனைகளை ரிங் கொஞ்சங் கொஞ்சமா தேய்ச்சு மட்டம் பண்ணணும், அதே நேரத்துல ரிங்கோட முகமும் அந்தப் போருக்குத் தகுந்த மாதிரி தேயணும். இதுதான் உட்கார்றது.

ரிங்குக்குன்னு இருக்கற சொந்த விறைப்பு கொஞ்சம்தானுங்க. பெட்ரோல் எரியும்போது வர்ற கேஸ், ரிங்குக்கு மேலயும் பின்னாலயும் புகுந்து அதைச் சுவர்ல வச்சு அழுத்துது. அந்த அழுத்தம் இருந்தாத்தான் தேய்மானம் ஒழுங்கா நடக்கும். அப்பா சொல்ற மாதிரி ஆயிரம் கிலோமீட்டரும் பொத்திப் பொத்தி ஒரே வேகத்துல ஓட்டினா, ரிங் சுவரைப் போதுமான அளவு அழுத்தாது. சுவர்ல தங்கற ஆயில் கருகிப் படிஞ்சு, கோடெல்லாம் மூடி, கண்ணாடியாட்டம் வழவழன்னு ஆயிரும். அப்படி வந்த போரை நான் கையால தடவிப் பார்த்திருக்கேன், நகம் எங்கயும் நிக்காம வழுக்கிட்டுப் போகும். அப்புறம் அந்த இஞ்சின் ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும்.

நண்பர் சொல்றதுல பாதி உண்மை இருக்குது. லோடு வேணும்ங்கறது சரி. ஆனா முதல் நாளே முழு லோடு கொடுத்தா, அந்த மேல் முனைகள்ல சூடு ஏறி, ஆயில் படலம் அறுந்து, இரும்பும் இரும்பும் ஒட்டி இழுத்துரும். அந்தக் கீறல் நேரா மேலயும் கீழயும் ஓடும். பார்த்த உடனே தெரியும்.

உங்க எஸ்58ல பழைய மாதிரி சிலிண்டருக்குள்ள சொருகற வார்ப்பிரும்புக் குழாய், அதாவது லைனர், கிடையாதுங்க. அலுமினிய பிளாக்ல, மின்பொறி வச்சு இரும்புக் கம்பியை உருக்கிச் சுவர்ல தெளிச்சிருக்காங்க. தெளிச்ச பூச்சு ஒரு மில்லிமீட்டர்ல சின்னப் பங்குதான் இருக்கும், அதுக்கு மேல ஹோனிங். தொழிற்சாலையிலயே மேல் முனைகளைப் பெரும்பாலும் மழுக்கித்தான் அனுப்பறாங்க, அதனால அம்பாசடர் காலம் மாதிரி ரொம்பப் பாடுபட வேண்டியதில்லை. ஆனா இதுல கீறல் விழுந்தா, ரீபோர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி ஓட்டிக்கலாம்னு எங்க பட்டறை வேலை மாதிரி முடிஞ்சுராது. இஞ்சின் விலை உங்களுக்கே தெரியும்.

ஓட்டற முறைக்கு வர்றேன். சேலம் ரோட்ல ஏறுங்க. மூணாவது, நாலாவது கியர்ல 2,500ல இருந்து 4,500 ஆர்பிஎம் வரைக்கும் பாதி மிதியில நிதானமா ஏத்துங்க. ஏறினதும் காலை முழுசா எடுத்துட்டு, கியர்லயே விட்டு வேகம் குறையட்டும். அப்ப சிலிண்டர்ல உறிஞ்சற வேகத்துல ஆயில் மேல வந்து, தேய்ஞ்ச துகளைக் கழுவிட்டு இறங்கும். இதையே மாத்தி மாத்திப் பண்ணுங்க. 1,000 கி.மீ. தாண்டினதும் முக்கால் மிதி, 5,000 ஆர்பிஎம் வரைக்கும் போகலாம். க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு ஒரே வேகத்துல போறதை மட்டும் இந்த 2,000 கிலோமீட்டருக்கு மறந்துருங்க.

ஆறாவது கியர்ல 50ல போய்க்கிட்டே மிதியை அமுக்கி இஞ்சினைத் திணற விடறது, ஆர்பிஎம் ஏத்தறதை விட மோசமுங்க. இது எல்லாப் புது வண்டிக்கும் பொருந்தும். நம்மாளுங்க மைலேஜ் பழக்கத்துல சீக்கிரமே டாப் கியர் போட்டுடறாங்க. கியரை இறக்கிட்டு ஓட்டுங்க.


பீளமேடு_விக்கி:

அண்ணா, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன், "ஆயில் குடிக்கும்"ங்கற இடத்துல தலையாட்டினார். காலைல வண்டியை எடுக்கும்போது ஐடில்ல விட்டு சூடு பண்ணணுமா? வால்பாறை மேட்டர் என்ன பண்றது?


டெக்ஸாஸ்_குமரன்:

இங்க கார்வெட் சி8 வச்சிருக்கேன். செவர்லே மேனுவலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது. முதல் 500 மைல், அதாவது 800 கி.மீ. வரைக்கும் 4,000 ஆர்பிஎம் தாண்டாதே, ஒரே வேகத்துல ஓட்டாதே, 1,500 மைல் ஆகற வரைக்கும் டிராக் பக்கம் போகாதே. நம்ம ஆர்வக்கோளாறு அவங்களுக்குத் தெரியும் போல, அந்த முதல் 500 மைலுக்கு முதல் ரெண்டு கியர்ல டார்க்கை கம்ப்யூட்டரே குறைச்சு வச்சிருக்கும். ரன்னிங் இன் கட்டுக்கதைன்னா, ஒரு கம்பெனி தன் வண்டியோட பலத்தைத் தானே எதுக்குக் குறைச்சு விக்கப் போகுது? உங்க நண்பரை இதுக்கு பதில் சொல்லச் சொல்லுங்க.

போரிங்கடை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. முதல் ஆயிலை சீக்கிரமே மாத்தணும்னு சிலர் சொல்றாங்க. என் தம்பியோட ஹோண்டா மேனுவல்ல, குறிச்ச நேரத்துக்கு முன்னாடி மாத்தாதேன்னு இருக்கு. எது சரி?


கணபதி_போரிங்கடை:

குமரன், ரெண்டுமே அந்தந்த இஞ்சினுக்குச் சரிதானுங்க. ஹோண்டா தொழிற்சாலையில ஊத்தற முதல் ஆயிலை அந்தக் காலக்கெடுவுக்குன்னே கணக்குப் பண்ணி வச்சிருக்காங்க, அதைப் பாதியில எடுக்க வேண்டாம். பிஎம்டபிள்யூ எம் வண்டிக்கு 2,000 கி.மீ.ல ரன்னிங் இன் சர்வீஸ்னு தனியா வச்சிருக்காங்க. இஞ்சின் ஆயில், ஃபில்டர், கூடவே பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரிச்சுக் கொடுக்கற டிஃபரன்ஷியலோட ஆயில், எல்லாம் மாத்தணும். ஒருத்தர் மேனுவலை இன்னொருத்தர் வண்டிக்குப் பொருத்திப் பார்த்தாத்தான் குழப்பம் வரும்.

இந்த டிஃபரன்ஷியலைப் பத்திப் பேசறவங்க கம்மி. எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமாத் தெரியுது. இஞ்சினையாவது தொழிற்சாலையில கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பாங்க. பின்னாடி டிஃபரன்ஷியலுக்குள்ள கிரவுன் வீல், பினியன்ங்கற ரெண்டு பல்சக்கரமும் முழு லோடுல ஒண்ணை ஒண்ணு சந்திக்கறது உங்க கையிலதான். பல்லும் பல்லும் உருண்டு மட்டும் போகாது, வழுக்கிக்கிட்டே அழுத்தும். அங்க சூடு நிறைய, ஆயிலோ கொஞ்சம், அதுக்கு ஃபில்டரும் கிடையாது. புது டிஃபரன்ஷியல்ல இருந்து முதல் ஆயிலை இறக்கி, காந்தம் வச்ச பிளக்கைக் கழட்டிப் பார்த்தீங்கன்னா கருஞ்சாம்பல் நிறத்துல வழுவழுன்னு பசை அப்பியிருக்கும். ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சா மினுமினுன்னு இரும்புத்தூள். அவ்வளவும் அந்தப் பல்லுங்க உதிர்த்தது. அந்த ஆயிலோடவே கரி டிராக்ல போய் வளைவுக்கு வளைவு முழு மிதி கொடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க. டிராக் டே கட்டாயம் வேண்டாம் தம்பி.

காலைல ஐடில்ல நிறுத்தி சூடு பண்ணாதீங்க. குளிர்ந்த இஞ்சினுக்கு பெட்ரோல் கூடுதலாத் தெளிக்கும். அது முழுசா எரியாம சுவர்ல இறங்கி ஆயிலைக் கழுவிட்டுப் போகும். ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் கொஞ்சம் அடங்கினதும் கிளம்பி மெதுவாப் போங்க. தண்ணி சூடு சீக்கிரம் ஏறிரும், ஆயில் சூடு ரொம்பப் பின்னாடிதான் வரும். உங்க வண்டியில ஆயில் சூடு திரையில தெரியும், அதைப் பார்த்து ஓட்டுங்க. ஆர்பிஎம் மீட்டர்ல எச்சரிக்கைக் கோடும் ஆயில் சூட்டைப் பொறுத்து மேல நகரும். அது மேல போற வரைக்கும் அரை மிதி கூட வேண்டாம். டிராஃபிக்ல ஊர்றதால இஞ்சின் ஒண்ணும் கெட்டுறாது, ஆனா அந்தக் கிலோமீட்டர்ல ரிங்குக்கும் வேலை நடக்காது. நகருக்குள்ளயே 2,000த்தை முடிச்சுட்டு ரன்னிங் இன் ஆச்சுன்னு நினைக்காதீங்க.

வால்பாறைக்குத் தாராளமாப் போங்க. ஆழியார்ல இருந்து ஏறுற அந்த 40 கொண்டை ஊசி வளைவும் ரன்னிங் இன்னுக்கு நல்ல ரோடுங்க. மிதி ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், கியர் மாத்திக்கிட்டே இருப்பீங்க, இறக்கத்துல இஞ்சின் பிரேக். இதுக்கு மேல என்ன வேணும்? ரெண்டு விஷயம் மட்டும் கவனிங்க. வளைவை முடிச்சு வெளிய வரும்போது ரெண்டாம் கியர்லயே ஓட்டுங்க, மூணாவதுல இஞ்சினைத் திணற விடாதீங்க. முன்னாடி போற நண்பரைப் பிடிக்கணும்னு அமுக்காதீங்க. கூட்டமாப் போகும்போது அந்த ஆசைதான் வரும். முடிஞ்சா நீங்க முன்னாடி போங்க.


பீளமேடு_விக்கி:

நான்தான் முன்னாடி போறேன்னு குரூப்ல சொல்லிட்டேன் அண்ணா. டிராக் டேக்கு நண்பன் வண்டியில பார்வையாளரா வர்றேன். 2,000 ஆனதும் சர்வீஸ் விட்டுட்டு முழுசா ஓட்டலாம்தானே?


கணபதி_போரிங்கடை:

2,000ல இருந்து 5,000 கி.மீ. வரைக்கும் படிப்படியா ஏத்துங்கன்னுதான் மேனுவல்ல இருக்குது. ஒரேயடியா வேண்டாம். 1,700, 1,800 ஆகும்போதே சர்வீஸுக்கு நாள் வாங்கி வச்சுக்குங்க, டிஃபரன்ஷியல் ஆயில் கையிருப்புல இருக்குதான்னு அப்பவே கேட்டுருங்க. வேலை முடிஞ்சு பில் வந்ததும் இஞ்சின் ஆயில், ஃபில்டர், டிஃபரன்ஷியல் ஆயில் மூணும் தனித்தனி வரியா இருக்குதான்னு பாருங்க. இடைப்பட்ட நாள்ல ஆயில் அளவை அடிக்கடி பார்த்துக்கிட்டே இருங்க. ரிங் உட்கார்ற காலத்துல கொஞ்சம் குறையறது சகஜம். சர்வீஸ் ஆனதுக்கு அப்புறமும் குறைஞ்சுக்கிட்டே போனா கிலோமீட்டரோட எழுதி வச்சுட்டு இங்க வந்து சொல்லுங்க.