கொலுசுக் கணக்கு ஆப்லெட்: வெச்சுக்கலாமா, தூக்கிடலாமா?

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி:
எந்தப் பட்டறைக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், கொலுசா எவ்வளவு திரும்புச்சு, சேதாரம் எவ்வளவு, எல்லாம் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல இருக்கு. பார்க்கிறது ஜாவா ஆப்லெட்ல, அதாவது பிரவுசருக்குள்ள ஓடுற குட்டி ஜாவா புரோகிராம்ல. பழைய கம்ப்யூட்டர், ஜாவா 8, இன்டர்நெட் எக்ஸ்புளோரர். தூக்குன்னு பையன் நச்சரிக்கிறான். ஓடுற வண்டியை எதுக்குங்க பிரிக்கணும்?

அஞ்சுரோடு_கோடர்:
வண்டி ஓடும்ணா, ரோடுதான் இல்லை. ஆப்லெட் ஓட பிரவுசர்ல ஜாவா பிளகின் வேணும்; குரோம் 2015லயே பிளகின் ஆதரவை எடுத்தாச்சு, ஃபயர்ஃபாக்ஸ் 2017ல. ஜாவா 11ல பிளகினே வராது. டேட்டாபேஸை வேற மெஷினுக்கு மாத்திப் பாருங்க, டிஜிட்டல் கையெழுத்திடாத ஆப்லெட்னா அதோட முடிஞ்சது. எந்த சர்வர்ல இருந்து இறங்குச்சோ அதோட மட்டும்தான் பேசும்.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி:
ரெண்டும் ஒரே மெஷின்லதான் தம்பி. மாத்தற எண்ணமே இல்லை.

அஞ்சுரோடு_கோடர்:
சரி, பாஸ்வேர்டு எங்க இருக்கு? ஆப்லெட்டைக் கட்டி வெச்சிருக்கற ஜார் ஃபைலுக்குள்ள. அது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இறங்குது. ஜாவாபிங்கற டூலைப் போட்டுக் கோடைப் பிரிச்சா பளிச்னு தெரியும். அப்புறம் யார் வேணா எடையைத் திருத்தலாம். வெள்ளி வியாபாரத்துல இதை விடவா பயம்?

ஏற்காடு_காப்பி:
செத்தது ஆப்லெட்தான், ஜாவாவை டேட்டாபேஸோட பேச வைக்கற ஜேடிபிசி இல்லை. 1997ல ஜாவா 1.1ஓட வந்தது, இன்னைக்கும் அதேதான். ஜேஆப்லெட்ல இருக்கற திரையை, பிரவுசர் இல்லாம தனி விண்டோவா திறக்கற ஜேபிரேமுக்கு மாத்துங்க, ஆப்லெட்டைத் தொடங்கற இனிட்ல இருக்கறது தனி புரோகிராமைத் தொடங்கற மெயினுக்குப் போகட்டும். டேட்டாபேஸைக் கேக்கற குவெரி அப்படியே இருக்கும். எங்க எஸ்டேட்ல காப்பி எடைக்கணக்கு இப்படித்தான் ஓடுது. ஒண்ணு மட்டும்: ஜாவா மைனஸ் ஜார்னு ஓட்டினா, மைனஸ் சிபின்னு கொடுக்கற, மத்த ஜார்களைத் தேடற பாதையை அது கண்டுக்காது. மைஎஸ்கியூஎல்லோட பேசற டிரைவர் ஜாரை, உங்க ஜாருக்குள்ள இருக்கற மேனிஃபெஸ்ட் ஃபைல்ல எழுதணும். இல்லேன்னா 'நோ சூட்டபிள் டிரைவர்'னு பல்லைக் காட்டும், ஆளுங்க கோடுல தப்பு தேடிட்டு உக்காந்திருப்பாங்க.

அஞ்சுரோடு_கோடர்:
அதுலயும் பாஸ்வேர்டு மேஜைக்கு மேஜை இருக்குமே? நடுவுல டாம்கேட்ங்கற ஜாவா வெப் சர்வர் வெச்சு, அதுல ஓடுற சர்வ்லெட்ல எழுதினாதான் வழி.

ஏற்காடு_காப்பி:
நாலு கம்ப்யூட்டருக்கு டாம்கேட்டா! மைஎஸ்கியூஎல்ல ஆளுக்கொரு யூசர் போடுங்க, பாஸ்வேர்டைத் திறக்கறப்ப கேக்கட்டும். உரிமை தர்ற கிராண்ட் கட்டளைல செலக்ட் (பார்க்க), இன்சர்ட் (புதுசா சேர்க்க) மட்டும் கொடுங்க. இருக்கறதைத் திருத்தற அப்டேட் முதலாளிக்கு மட்டும்.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி:
எடையைத் திருத்தற உரிமை என்கிட்ட மட்டும்னா ஒத்துக்கறேன். பழைய கம்ப்யூட்டரைத் தூக்க மாட்டேன், புதுசுல கணக்கு நேராகற வரை ரெண்டும் ஓடட்டும்.

அஞ்சுரோடு_கோடர்:
ரெண்டும் ஒரே டேட்டாபேஸ்ல எழுத வேண்டாம்ணா. பழசுக்கு செலக்ட் மட்டும் கொடுத்துட்டு, டேட்டாபேஸை முழுசா நகல் எடுக்கற டம்ப் ஒண்ணு எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்க. கடையில ஆள் கூடினா டாம்கேட் பேச்சை மறுபடி எடுப்பேன்.