மாடியில் ஃப்ளஷ் செய்தால் கீழ் வீட்டு பாத்ரூமில் நாற்றம், வென்ட் பைப் இல்லாததுதான் காரணமா?

புலியூர்வாசி:
வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீடு. கீழே நாங்கள், மேலே புதிதாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். மேலே ஆள் குடிவந்த பிறகுதான் இந்தத் தொல்லை. காலையில் அவர்கள் ஃப்ளஷ் செய்ததும் எங்கள் பாத்ரூம் ஜாலிக்குள் களக் களக் என்று சத்தம், கொஞ்ச நேரத்தில் அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை கிளம்பி ஹால் வரைக்கும் வருகிறது. ஃபினைல், பிளீச்சிங் பவுடர், அந்துருண்டை எல்லாம் போட்டாயிற்று. செப்டிக் டேங்கையும் திறந்து பார்த்தோம், நிரம்பவில்லை. மாடி டாய்லெட் பைப் அந்த மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது, அதற்கு மேல் போகவில்லை. கேட்டால் மேஸ்திரி, "டேங்க்லதான் வென்ட் இருக்கே சார், வீட்டுக்கு எதுக்கு இன்னொண்ணு" என்கிறார். அவர் சொல்வது சரியா?

முத்தியால்பேட்டை பிளம்பர்:
சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், வென்ட்தான். உங்கள் நானி ட்ராப்பில் (ஜாலிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிற கிண்ணம்) எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும், பைப்பில் இருக்கும் வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். மேலேயிருந்து ஃப்ளஷ் தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது பின்னாலேயே காற்றும் வந்தாக வேண்டும், பைப்பின் தலை மூடியிருந்தால் அது எங்கே போகும், பக்கத்தில் இருக்கிற ட்ராப் வழியாக இழுக்கும், நிற்கிற தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதுதான் அந்தக் களக் களக். வென்ட் என்றால் வாடை வெளியே போகிற குழாய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள் (சில மேஸ்திரிகளும்தான்). காற்றை உள்ளே விடுவதும் அதன் வேலை. டேங்க் வென்ட் இருப்பது கீழ்க்கோடியில், உங்களுக்குக் காற்று வேண்டியது மேல்கோடியில்.

முதலில் ஒன்று செய்யுங்கள். அவர்கள் ஃப்ளஷ் செய்ததும் ஜாலியை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மினுங்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், அந்த 110 எம்எம் பைப்பை அதே அளவில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏற்றி, தலையில் கௌல் (காற்றுப் போகத் துளையுள்ள மூடி) போட்டுவிடுங்கள். காசு மிச்சம் என்று சின்ன பைப்புக்குக் குறைக்க வேண்டாம்.

வழிப்போக்கன்:
இவ்வளவு எதுக்கு, ஒரு பாட்டில் ஆசிட் ஊத்துங்க சார், சரியாயிடும்.

தேவனாம்பட்டினம் அக்கா:
தயவுசெய்து ஊற்றாதீர்கள். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார், அதன்மேல் ஆசிட் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும், அதுவும் மூடின பாத்ரூமில்.

எங்கள் வீட்டில் வென்ட் இருந்தும் இதே கதை நடந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பைப் தலை முறிந்துபோனது, சரிசெய்ய வந்தவர் மழைத்தண்ணீர் இறங்குமே என்று எண்ட் கேப் போட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார்! கேப்பை அறுத்தெடுத்த பிறகுதான் நிம்மதி.

இன்னொன்று, வாஷ்பேசினுக்குக் கீழே பாருங்கள். அந்தச் சுருள் ஹோஸைத் தரைப் பைப்பில் சும்மா சொருகி வைத்திருப்பார்கள், சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். வாஷிங் மெஷின் ஹோஸும் அப்படித்தான். ட்ராப்பில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அந்த வழியாக வாடை வரும். ஒரு ரப்பர் வாஷர் போட்டு அடைத்தால் போதும். அப்புறம் தம்பி, டேங்கைத் திறந்தால் தலையை நீட்டாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. உள்ளே ஆள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

புலியூர்வாசி:
டார்ச் அடித்துப் பார்த்தேன், ட்ராப்பில் அடியில் கொஞ்சம்தான் தண்ணீர். ஒரு மக் ஊற்றினால் வாடை நிற்கிறது, மேலே அடுத்த ஃப்ளஷ் வரைக்கும்தான். அக்கா சொன்ன இடைவெளியும் பேசினுக்குக் கீழே இருந்தது, அடைத்தாயிற்று. இப்போது மேஸ்திரி பைப்பை ஏற்றுகிறேன் என்கிறார், ஆனால் மாடி படுக்கையறை ஜன்னல் பக்கத்திலேயே முடித்துவிடலாமாம். ஆன்லைனில் காற்றை உள்ளே மட்டும் விடுகிற வால்வு ஒன்று பார்த்தேன், அதைப் போட்டால் பைப்பே ஏற்ற வேண்டாமா?

முத்தியால்பேட்டை பிளம்பர்:
ஜன்னல் பக்கத்தில் கூடவே கூடாது. அது கிழக்குப் பக்கம் என்றால் மத்தியானம் கடல் காற்று திரும்பியதும் வாடை நேராக அவர்கள் கட்டிலுக்குப் போகும், வாடகைக்காரர் காலி செய்துவிடுவார். ஜன்னல் உச்சியைத் தாண்டி, மாடிச் சுவருக்கும் மேலேதான் முடிக்க வேண்டும். வால்வு காற்றை உள்ளே விடும், பைப்பில் சேர்கிற வாயுவை வெளியே விடாது, அதனால் வீட்டுக்கு ஒரு திறந்த வென்ட்டாவது இருந்தே ஆக வேண்டும். உங்களுக்கு மொட்டைமாடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, வால்வுக்குச் செலவு எதற்கு?

கொசுவுக்குக் கம்பி வலை கட்டுங்கள், அவ்வப்போது தூசி தட்டிவிடுங்கள். பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அதற்கு எண்ட் கேப்பே போடலாம்.