கடல் வேலைக்கு ஓசூரில் செய்த பார்ட்: டெஸ்டில் மாட்டியது எது?

லேத்_சிப்காட்:
கடற்படை ஜாப் எடுக்கிற சின்னப் பட்டறைங்க எல்லாம் டெஸ்டில் மாட்டினதைப் போடுங்க. முதல் போணி இது.

தண்ணிக்கடி சென்சாருக்கான கூடு, 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 200 மீட்டர் ஆழத்துக்கு. பத்து மீட்டருக்கு ஒரு பார், ஆக 20. ஒன்றரை மடங்கு வைத்து 30 பாரில் டேங்குக்குள் ஒரு மணி நேரம். எடுத்துத் திறந்தால் உள்ளே அரை ஸ்பூன் தண்ணீர். எல்லாரும் மூடி போல்ட்டைத்தான் திட்டினாங்க. கசிந்தது 30-ல் இல்லை, பம்ப் ஏற ஆரம்பித்த முதல் 2 பாரில். மூடி இடுக்கை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தள்ளி இறுக்கமா உட்கார வைப்பதே தண்ணீரோட அழுத்தம்தான். அது ஏறுகிற வரைக்கும் ரப்பர் தன் சொந்த நசுங்கலை வைத்துத்தான் தாங்கணும். 3.53 மி.மீ. ரிங்குக்கு, அது உட்காருகிற பள்ளம் இடைவெளியையும் சேர்த்து 2.9 ஆழம் இருந்தால் 18 சதவீதம் நசுங்கும். அந்த அளவு சரியாத்தான் இருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்தப்போ ரிங் அழுந்துகிற உள்பரப்பில் தெரிந்தது: போரிங் டூல் வெளியே வரும்போது உரசின ஒரே ஒரு கோடு, நீளவாக்கில், நகத்தில் லேசா தட்டுப்படுகிற அளவு. சுற்றுவாக்கில் கோடு இருந்தால் ஓ-ரிங் மன்னிக்கும். நீளவாக்கில் இருந்தால் அது வாய்க்கால். ஃபினிஷ் ஆர்ஏ (பரப்பின் சராசரி சொரசொரப்பு) 1.6-க்குள்ளேயே இருந்தது, அதை அளக்கிற மீட்டர் அந்தக் கோட்டைக் காட்டவே இல்லை. முடிகிற இடத்தில் டூலை மையத்துப் பக்கம் விலக்கி, அப்புறம் வெளியே எடுக்கணும்.

கேபிள்_வல்கனைஸ்:
இங்கே மாட்டினது கனெக்டர். ஸ்டெயின்லெஸ் ஓட்டின் மேல் பாலியூரிதேன் வார்த்து கேபிளை ஒட்டினது. சால்ட் ஸ்ப்ரேயில் (5 சதவீத உப்பு, 35 டிகிரி) ஒண்ணும் ஆகலை. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஜிங்க் ஆனோடு (தான் கரைந்து ஸ்டீலைக் காப்பாற்றுகிற துத்தநாகக் கட்டி) மாட்டிய சட்டத்தோடு முக்கி வைத்தாங்க. சில வாரத்தில் வார்ப்பை விரலால் உரித்தால் வாழைப்பழத் தோல் மாதிரி வருது. உள்ளே ஸ்டீல் பளபளன்னு புதுசா இருக்கு, துரு ஒரு துளி கிடையாது. அதைப் பார்த்துத்தான் ஒட்டுகிறவர் ப்ரைமர் போடலைன்னு பழி போட்டாங்க.

ப்ரைமர் போட்டிருந்தது. துருப்பிடிக்காமல் காப்பாற்றுகிற அந்த ஜிங்க்தான் ஒட்டையும் பிரித்தது. ஜிங்க்கோடு மின்தொடர்பு உள்ள ஓடு கேதோடு ஆகும். அங்கே தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் ஹைட்ராக்சைடாக மாறும், அந்தக் காரம் ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்து ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவில் பிரித்துக்கொண்டே போகும். சால்ட் ஸ்ப்ரேயில் ஆனோடு கிடையாது, அதனால் அந்தப் பெட்டியில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் இது தெரியாது. ஜிங்க்கோடு வயர் கட்டி, சூடான உப்புத் தண்ணீரில் முக்கினால்தான் சீக்கிரம் வெளியே வரும். தீர்வு: கனெக்டரின் வெளிக்கூட்டையே கண்ணாடியிழை எபாக்ஸியில் செய்வது, இல்லேன்னா ஒட்டுகிற பரப்பு முழுக்க மின்சாரம் கடத்தாத செராமிக் பூச்சு. பூச்சில் ஒரு ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வேலை அங்கே ஆரம்பிக்கும்.

பட்டறை_பழசு:
முதல் பதிவுக்காரர் கோட்டைப் பிடித்துத் தொங்குறார். கடல் தண்ணீருக்கு 316எல் எடுத்ததே தப்பு. குரோமியம், மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு, மூணையும் கூட்டிப் பாருங்க, குழி அரிப்பைத் தாங்குகிற எண் அதுதான். 316எல் 24-ல் நிற்கும். சூப்பர் டூப்ளெக்ஸ் ஸ்டெயின்லெஸ் 40-ஐத் தாண்டும். நிறைய கடல் வேலைக்கு 40-தான் கேட்பாங்க. ஓ-ரிங் உட்காருகிற இடுக்கில் ஆக்ஸிஜன் தீர்ந்து, குளோரைடு சேர்ந்து, அரிப்பு அங்கேதான் தொடங்கும். உங்க கோடு இல்லைன்னாலும் மூணு மாசத்தில் அங்கே குழி விழுந்திருக்கும். பம்ப், வால்வு வேலைன்னா நிக்கல் அலுமினியம் வெண்கலத்துக்குப் போங்க. ஸ்டீலையே பிடித்துக்கிட்டு இருக்காதீங்க.

தருமபுரி_ஃபேப்:
316எல் குழி விழுறதுக்குக் கடலுக்கே போக வேண்டாம். இங்கே நம்ம போர் தண்ணீரே போதும். பைப் ஸ்பூலுக்கு (வெல்டு பண்ணித் தயாரா வைத்த குழாய்த் துண்டு) ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்ப்பது, போரில் இருந்து நேரா டியூப் போட்டு நிரப்பினாங்க. டெஸ்ட் பாஸ். வெள்ளிக்கிழமை வடித்தாங்க, திங்கட்கிழமை வரைக்கும் அப்படியே படுக்கப் போட்டிருந்தாங்க. அடியில் நின்ற தண்ணீர் காய்ந்து வெள்ளைக் கறை, கறைக்கடியில் கடுகு சைஸில் பழுப்புப் புள்ளி. டை பெனட்ரன்ட் (வெடிப்பு, குழியைக் காட்டுகிற சாயம்) அடித்தப்போ சிவப்பா எழும்பியது. ஸ்டெயின்லெஸுக்கு டெஸ்ட் தண்ணீரில் குளோரைடு 50 பிபிஎம்முக்குள் கேட்பாங்க. இந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் அது எளிதில் தாண்டும். ஆர்ஓ தண்ணீர் வாங்கி நிரப்புங்க. வடித்த உடனே எண்ணெய் இல்லாத காற்றை ஊதிக் காய வையுங்க, ஸ்பூலைச் சாய்த்து வையுங்க. செலவு ஒரு டேங்கர் கூட ஆகாது.

கோட்டேஷன்_மேசை:
இங்கே மாட்டினதைச் சொல்ல ரெண்டு வரி போதும். சூப்பர் டூப்ளெக்ஸ் ராடு, ஒரே முனையில்தான் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த உலோகம்னு சொல்லுகிற எண்) குத்தியிருந்தது. ஆப்பரேட்டர் அந்த முனையிலிருந்தே அறுத்தார், நம்பர் முதல் துண்டோடு போச்சு. மிச்சம் 14 துண்டு, மெட்டீரியல் சர்டிபிகேட் கையில் இருந்தும் எது எதுன்னு நிரூபிக்க வழியில்லை. மொத்தமும் நிராகரிப்பு. அறுக்கும் முன்னால் நம்பரை ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றிக் குத்தணும், அதுவும் ஆய்வாளர் கண் முன்னால்.

யாரும் கேட்கலைன்னாலும் சொல்லிடறேன், புதுசா இறங்குறவங்க காசுக் கணக்கில்தான் விழுறாங்க. 2018-ல் பாதுகாப்பு அமைச்சகம் ஆரம்பித்த ஐடெக்ஸில் (புதுக் கண்டுபிடிப்புக்கு உதவுகிற திட்டம்) சாதாரண மானியம் 1.5 கோடி வரை. 2022 ஜூலையில் ஸ்பிரிண்ட்னு கடற்படைக்கு மட்டும் 75 சவால் அறிவித்ததும் இதே வழியில்தான். ஆனா மானியத்துக்கு ஈடா உங்க பங்கும் போடணும், பணம் மைல்கல் வாரியாகத்தான் வரும். முன்மாதிரி செய்து, டெஸ்ட் முடித்து, அறிக்கை ஒத்துக்கிட்ட பிறகுதான் அடுத்த தவணை. நடுவில் நாலு மாசச் சம்பளம் யார் கொடுப்பது? ஓவர் டிராஃப்ட்டை முன்னாடியே பேசி வையுங்க. டிஆர்டிஓவின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி திட்டச் செலவில் 90 சதவீதம் வரை தரும், உங்க பங்கு குறைவு. டெண்டர் பக்கம்னா உத்யம் பதிவு இருக்கிற குறு, சிறு நிறுவனத்துக்கு முன்வைப்புத் தொகை கிடையாது. அந்தப் பதிவை வாங்காமலே வைப்புத் தொகை கட்டினவங்க ஓசூரில் நிறைய. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஓசூரும் ஒரு முனையம்தான், ஆனா பெயர் பலகை வைத்ததால் ஆர்டர் வராது. டெஸ்ட் கட்டணத்தைத் தனி வரியா கோட் பண்ணுங்க, பார்ட் விலைக்குள் ஒளிக்காதீங்க. மறு டெஸ்ட் வந்தால் அது யார் தலையில்னு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கணும். தர உறுதித் திட்டத்தில் கையெழுத்து விழுகிற வரைக்கும் ஒரு சிப் கூட வெட்டாதீங்க. இறக்குமதி ஓ-ரிங்குக்கு ஆறு வாரம் சேர்த்துக்கோங்க. அப்புறம் ஜிஎஸ்டி...

ரிலே_பெட்டி:
கோட்டேஷன் அண்ணே, தனியா ஒரு பதிவு போடுங்க, இங்கே ஷாக் டெஸ்ட் பற்றி எழுத இடமில்லாமப் போச்சு.

கன்ட்ரோல் பேனல், லைட்வெயிட் ஷாக் மெஷின் (சுத்தியலால் அடித்து அதிர்ச்சியைத் தாங்குதான்னு பார்க்கிறது). 400 பவுண்டு சுத்தியல், 1, 3, 5 அடி உயரத்திலிருந்து, மூணு திசையிலும், மொத்தம் ஒன்பது தடவை அடித்தாங்க. ஒரு வெல்டு விடலை, ஒரு போல்ட் தளரலை. ஆனா 3 அடி உயரத்திலிருந்து அடித்தப்போ பேனல் தானா ரீசெட் ஆச்சு. ரிலே கான்டாக்ட் சில மில்லிசெகண்ட் திறந்து மூடினதை கன்ட்ரோலர் பவர் போச்சுன்னு எடுத்துக்கிச்சு. உடைந்தால்தான் ஃபெயில்னு நினைத்துக் கேமராவைப் பெட்டி மேல் வைத்திருந்தாங்க, இன்டிகேட்டர் விளக்கு மேல் வைக்கலை. ரிலேயை அடி வருகிற திசைக்குக் குறுக்கே திருப்பி மாட்டி, அந்தச் சுற்றில் ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்த பிறகு நின்றது.

லேத்_சிப்காட்:
பழசு அண்ணே, மெட்டீரியல் டிராயிங்கில் வந்தது, பட்டறை மாற்ற முடியாது. கேட்டால் டெவியேஷன் (டிராயிங்கிலிருந்து விலக அனுமதி) போடச் சொல்லுவாங்க, அது ரெண்டு மாசம். போட்டாச்சு, பதில் வரலை. கோடு விஷயம் 316எல்லுக்கு மட்டும் இல்லை, டைட்டானியத்திலும் அதே வாய்க்கால்தான்.

தருமபுரி அண்ணே, குளோரைடு பார்க்க ஸ்ட்ரிப் போதுமா, சில்வர் நைட்ரேட் வைத்துத்தான் பார்க்கணுமா?

தருமபுரி_ஃபேப்:
தினசரிக்கு ஸ்ட்ரிப். அது 50-க்குப் பக்கத்தில் காட்டினால் சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன். ரிப்போர்ட்டில் போடணும்னா லேப் சீட்டு வேணும், என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தருகிற அமைப்பு) முத்திரையோட.