புதுப்பிப்பு: வாட்டர்லூ சிப்பாய்க்கு எந்தச் சிவப்பு?

1815இல் நெப்போலியனின் பிரெஞ்சுப் படை தோற்ற வாட்டர்லூ களத்துப் பிரிட்டிஷ் காலாட்படைப் பொம்மைகளுக்கு (1/72 அளவு, அதாவது நிஜ ஆளின் உயரத்தில் 72இல் ஒரு பங்கு) எந்தச் சிவப்பு பொருந்தும் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி. முடிவு செய்துவிட்டேன்: ஒரே சிவப்பு போதாது.

சாதாரணச் சிப்பாயின் மேலங்கிக்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம்தான். அது வெயிலிலும் மழையிலும் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். அதிகாரிகளின் துணியோ கொச்சினீல் பூச்சியின் சாயம் ஏறிய பளீர்ச் சிவப்பு. எனவே சிப்பாய்களுக்குச் சிவப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்தேன். ஆளுக்கு ஆள் அளவை மாற்றினேன். அதிகாரி இப்போது தனியாகத் தெரிகிறார். எதிரிக்கும் அப்படித்தான் தெரிந்திருப்பார், பாவம்!

புட்டியில் இருக்கும் நிறத்தை அப்படியே பூசினால் இவ்வளவு சிறிய உருவத்தில் கனத்துத் தெரிகிறது. சற்று வெளிறிய சாம்பல் தொட்டுக் கலந்ததும் சரியானது. வெண்மை கலக்க வேண்டாம், ரோஜா நிறமாகிவிடும். மடிப்புகளின் நிழலுக்குக் கறுப்பைவிட அடர்பழுப்பு நல்லது.

கால்சட்டை சாம்பல். கழுத்துப்பட்டையும் கைவிளிம்பும் படைப்பிரிவைப் பொறுத்தவை; 'ராயல்' பட்டம் பெற்றவற்றுக்குக் கருநீலம். அடுத்து பிரெஞ்சுக்காரர்களின் அவுரி நீலம், வேலை தொடங்கவில்லை.