ரிமோட் பேக்கப்: தொலைக்காப்பா, அயலிடக் காப்புநகலா?

கோலாலம்பூரிலிருந்து:

வணக்கம். நாம் அச்சிடவிருக்கும் சிறுதொழில் கையேட்டில் ரிமோட் பேக்கப்புக்கு, அதாவது கணினிக் கோப்புகளின் நகலை வேறோர் இடத்தில் வைத்துக் காப்பதற்கு, ‘தொலைக்காப்பு’ என்று போடலாம் என்ற பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. நம் நாட்டில் காப்புறுதி என்றால் இன்சூரன்ஸ். ‘காப்பு’ மட்டும் தனியே நின்றால் மஸ்ஜிட் இந்தியா துணிக்கடைக்காரருக்குப் பாலிசிதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘நகல்’ கட்டாயம் வேண்டும். ஆனால் ‘தொலை’யோடு ‘நகல்’ சேர்ந்தால் தொலைநகல், அதாவது ஃபேக்ஸ், குறுக்கே வருகிறது. கிளவுட் சேமிப்பை நினைத்து ‘மேகநகல்’ என்றும் சுருக்க முடியாது. கடையின் இன்னொரு கிளையில் உள்ள நாஸ் பெட்டிக்கு (வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டி) இரவில் நகல் போனாலும் அது ரிமோட் பேக்கப்தான்.

என் பரிந்துரை: அயலிடக் காப்புநகல்.

ஒத்திசைவை, அதாவது இரண்டு இடத்துக் கோப்புகளையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் சிங்க்கை, இந்தச் சொல்லுக்குள் விடவே கூடாது. கணக்குக் கோப்புறையை டிராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ இணைத்துவிட்டு ‘பேக்கப் இருக்கிறது’ என்பவர்கள் நிறைய. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பணம் பறிப்பதற்காக ரான்சம்வேர் பூட்டிய கோப்பும் அப்படியே மேலே ஏறும். பழைய பதிப்புகளைச் சேவை சில காலம் வைத்திருக்கும்தான், ஆனால் அந்தக் கெடு முடிந்தபின் கண்டுபிடித்தால் பயனில்லை. தவிர, கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது தரவுத்தளக் கோப்பை நேரடியாக நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டும், மீட்கும்போது திறக்காது. மென்பொருளின் சொந்த பேக்கப் வசதியால் ஒரு கோப்பை உருவாக்கி, அதைத்தான் வெளியே அனுப்ப வேண்டும். கணக்கு மென்பொருள் பயன்படுத்துவது ஃபயர்பேர்டு தரவுத்தளமானால் அதனுடன் வரும் ஜிபேக் என்ற பேக்கப் கருவி போதும், கடை இயங்கிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம்.

முதல் முழுநகலுக்கும் ஒரு சொல் தேவை. மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபி ஏற ஏறக்குறைய 22 மணி நேரம். அதனால் முதல் நகலை ஹார்டு டிஸ்க்கில் எடுத்துப்போய் அங்கே இறக்குவார்கள். அதற்கு ‘விதைநகல்’ என்கிறேன். அதன்பின் தினசரி மாற்றம் 2 ஜிபி என்றாலும் அரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும்.

பினாங்கிலிருந்து:

ஐயா, வணக்கம். விதைநகல் அருமை, அப்படியே ஏற்கலாம். ‘அயல்’தான் உறுத்துகிறது. அயல்வீடு என்றால் அடுத்த வீடு. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. லெபோ பசாரில் கடை வைத்திருப்பவர் பக்கத்துக் கடை மாடியில் ஒரு டிஸ்க்கை வைத்துவிட்டு ‘அயலிடத்தில் இருக்கிறது’ என்று சொல்ல இந்தச் சொல்லே இடம் கொடுக்கும். தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 2017 நவம்பரில் இங்கேயும் 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வந்த வெள்ளம் வட்டாரம் வட்டாரமாக மூழ்கடித்தது.

ஆகவே ‘வேற்றிடக் காப்புநகல்’ என்போம். வேற்றூர், வேற்றுநாடு என்று ஏற்கெனவே புழங்குவதால் விளக்கம் தேவைப்படாது. வரையறையில் இதையும் சேர்க்க வேண்டும்: ஒரே தீயோ ஒரே வெள்ளமோ ஒரே கடவுச்சொல்லோ மூலத்தையும் நகலையும் சேர்த்துத் தொடக்கூடாது. கடவுச்சொல்லைச் சொல்லக் காரணம் உண்டு. கடைக் கணினியில் நுழைந்தவனுக்கு நகல் சேமிப்பின் கடவுச்சொல்லும் அங்கேயே கிடைத்தால், முதலில் நகலைத்தான் அழிப்பான். அந்தக் கணினிக்குப் புதியது சேர்க்கும் உரிமை மட்டும் போதும், அழிக்கும் உரிமை வேண்டாம். நகலைப் பூட்டித் திறக்கும் மறையாக்கத் திறவியை (என்கிரிப்ஷன் கீ) அச்சிட்டு, உறையிலிட்டு, கடைக்கு வெளியே வைக்க வேண்டும். அது போனால் நகலைத் திறக்க யாராலும் முடியாது.

நகலிலிருந்து மீட்டுப் பார்க்கும் ரெஸ்டோர் டெஸ்ட்டுக்கு ‘மீட்பு ஒத்திகை’. இதைப் பட்டியலின் கடைசியில் தள்ளாதீர்கள், எனக்கு இதுதான் முதன்மையாகப் படுகிறது. ‘வெற்றி’ என்று மின்னஞ்சல் தினமும் வரும், உள்ளே பயனற்ற கோப்பு இருக்கும். நிதியாண்டு மாறும்போது புதிய தரவுத்தளம் திறப்பார்கள். பேக்கப் அமைப்பு பழைய கோப்பையே சுட்டிக்கொண்டிருக்கும். மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் மீட்டு, கடைசி இன்வாய்ஸ் எண்ணையும் இருப்புச் சோதனைப் பட்டியலையும் (டிரையல் பேலன்ஸ்) கடைக் கணினியோடு ஒப்பிட்டால் அன்றே தெரிந்துவிடும். இரவு 11 மணிக்கு ஓட வேண்டிய வேலை, கடை மூடும்போது கணினியை அணைத்ததால் ஓடவே இல்லை என்பதும் இப்படித்தான் பிடிபடும்.

நகலை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற ரிட்டென்ஷனுக்கு ‘வைப்புக்காலம்’. 1967 வருமான வரிச் சட்டமும் 2016 நிறுவனச் சட்டமும் கணக்குப் பதிவேடுகளை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்வதால், ஆண்டு இறுதி நகல்களின் வைப்புக்காலம் அதற்குக் குறையக்கூடாது. தினசரி நகல்களை ஒரு மாதம் வைத்தால் போதும்.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சம். இன்கிரிமென்டல், டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் சிலர் ‘வேறுபாட்டு நகல்’ என்றே எழுதுகிறார்கள். கடைசியாக எடுத்த ஏதாவதொரு நகலுக்குப்பின் மாறியதை மட்டும் எடுப்பது முன்னது. அளவு சிறியது, ஆனால் நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னுள்ளவை மீளா. அதனால் அதற்குத் ‘தொடர்நகல்’. கடைசி முழுநகலுக்குப்பின் மாறிய அனைத்தையும் எடுக்கும் பின்னதற்கு மட்டும் ‘வேறுபாட்டு நகல்’. மறுப்பு இருந்தால் கையேடு அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.